செவ்வாய்க்கிழமை வரிசைக்கு நான் கட்டிக்கொடுத்த தனி அறை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கையெழுத்துப் போடவும் போர்டு படிக்கவும் தெரியும். மனுசனுக்கு அது போதும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிய கை இது. இந்தக் கையால்தான் நாரணாபுரத்துப் பக்கம் கரிசல் காட்டில் பதினெட்டு ரூம் வைத்துப் பட்டாசுக் கம்பெனி எழுப்பினேன். ஊரில் பஸ் நிறுத்தத்து நிழற்குடை, பள்ளிக்கூடத்துக் குழாயடி, கோயில் டியூப்லைட், எதைப் பார்த்தாலும் ‘உபயம்’ என்று போட்டு என் பெயர் இருக்கும். லைட்டில் வெளிச்சத்தைவிடப் பெயர்தான் பெரிது என்று கேலி செய்தவர்கள் உண்டு. செய்துவிட்டுப் போகட்டும். வாங்கிக் கொடுத்தது நான்தானே? ஆனால் அந்தப் பழக்கம் என் வீட்டுக்காரியை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும் நான்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருசம் இருக்கும். தீபாவளி சீசன் நெருங்கிய நேரம். காலையில் குழாயில் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தபோது ஒரு ரூமில் தீப்பிடித்தது. மற்றவர்கள் வெளியே ஓடிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் உள்ளேயே கருகிப் போய்விட்டாள். அவளை வேலைக்குக் கூட்டிவந்தது என் வீட்டுக்காரி. வெயிலில் களையெடுப்பதற்கு நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கலாமே என்று, அவள் வீட்டுக்கே போய்ப் பேசி வேனில் ஏற்றிவிட்டிருந்தாள். நான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து கம்பெனியை மறுபடி திறந்தேன். வேறு ஒருவனாக இருந்தால் அத்தோடு படுத்திருப்பான்.

படுத்தது என் வீட்டுக்காரிதான். தூக்கம் போனது. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் வேன் கிளம்புகிற நேரம் கேட்டில் வந்து நின்று, வேனுக்குள் இருக்கும் பெண்களைத் தலை தலையாக எண்ணுவாள். முடித்ததும் முதலிலிருந்து எண்ணுவாள். மதுரைக்குக் கூட்டிப்போய் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை படம் எடுத்தேன், ஒன்றுமில்லை என்றார்கள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். மனசு டாக்டரிடம் காட்டலாமே என்று எங்கள் சம்பந்தி ஒரு தடவை வாயெடுத்தார். எங்கள் குடும்பத்தில் கிறுக்கு யாருக்கும் கிடையாது என்று அந்தப் பேச்சை அங்கேயே அடைத்தேன்.

அப்படிச் சொன்னதற்குத் தொழிலும் ஒரு காரணம். மருந்து கலக்கிற இடத்தில் கை ஒரு நொடி தடுமாறினால் ரூமே இருக்காது. அதனால் மனசு சரியில்லை என்று வைத்தியத்துக்குப் போகிற ஆளை மறுநாள் வேனில் ஏற்றாதே என்று போர்மேனிடம் நானே சொல்லி வைத்திருந்தேன். சுற்றுவட்டக் கம்பெனிகளிலும் அதுதான் நடப்பு. இதில் தப்பிருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்த வருசம் அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தாள். விடியும்வரை தூங்கினாள். கருவாட்டுக் குழம்பு வைத்து, எனக்கு முன்னால் அவளே ருசி பார்த்தாள். டி.வி. நாடகத்து மாமியாரைத் திட்டினாள். எண்ணுவதும் நின்றது. எல்லாம் என் நேர்த்திக்கடன் என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

நடந்தது வேறு. எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவள் சர்க்கரை பார்க்கப் போயிருக்கிறாள். அங்கே இருந்த நர்ஸம்மா பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றும்போதே, தூக்கம் எப்படி, மனசில் என்ன ஓடுகிறது என்று எல்லாரிடமும் கேட்பது வழக்கம். இவள் அழுதிருக்கிறாள். செவ்வாய்க்கிழமைதோறும் ஜில்லா ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மனசு டாக்டர் வந்து நடு ரூமில் உட்காருவார். அவருக்கென்று தனி வரிசை இல்லை. காய்ச்சல், கட்டு மாற்றுவது, சர்க்கரை எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு, ஒரே பெஞ்சு, மாத்திரை வாங்க ஒரே ஜன்னல். யார் எதற்கு வந்தார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. என் வீட்டு அலமாரியில் நான் சர்க்கரை மாத்திரை என்று நினைத்துக்கொண்டிருந்த காக்கிக் கவரில் பாதி அந்த டாக்டர் எழுதியது.

அந்தச் சமயத்தில்தான் நிலையத்து டாக்டரம்மா, கூட்டத்துக்கு பெஞ்சு போதவில்லை என்று என்னிடம் உதவி கேட்டார். போய்ப் பார்த்தேன். கைப்பிள்ளைக்காரிகளோடு மனசு சரியில்லாதவர்களும் கலந்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு அது ஒழுங்காகப் படவில்லை. ரோட்டைப் பார்த்தாற்போலத் தனி ரூமே கட்டித் தருகிறேன் என்றேன். அவர் தயங்கினார்.

“தனி ரூம் வேண்டாங்கய்யா. எல்லாரும் ஒண்ணா உக்காரணும்னுதான் இப்படி வச்சிருக்கோம். பெஞ்சும் ஃபேனும் போதும்.”

சின்னப் பிள்ளை, பெரிதாகக் கேட்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். பஞ்சாயத்துத் தலைவரைப் பிடித்து, மேலே பேசவைத்து, ஒரே மாதத்தில் ரூமை எழுப்பிவிட்டேன். வேகத்தில் என்னை அடிக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. போர்டு சிவகாசியில் எனக்குத் தெரிந்த பிரஸ்காரர் போட்டுக் கொடுத்தது. சிவப்பில் ‘மனநலப் பிரிவு’, மஞ்சளில் ‘செவ்வாய் தோறும்’, அதற்குக் கீழே உபயம் என்று என் பெயரும் போட்டோவும். காலையில் அந்த வழியாகப் போகிற ஒவ்வொரு கம்பெனி வேனும் படிக்கிற உயரத்தில் மாட்டினேன்.

திறப்புக்கு விளக்கேற்ற என் வீட்டுக்காரியைத்தான் நிறுத்தினேன். வரமாட்டேன் என்றாள். பட்டுச்சேலை கட்டச் சொல்லி அதட்டிக் கூட்டிவந்தேன். அவள் தீக்குச்சியை உரசும் நேரம் தலைவர் என் தோளில் தட்டி, “அண்ணாச்சி, மொத சீட்டு ஒமக்குத்தான். சீசன்ல மழை பெஞ்சா ஊருக்குள்ள கிறுக்குப் பிடிக்கிற ஒரே ஆளு நீருதான?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு குச்சி அவள் கையிலேயே அணைந்தது. மூன்றாவதை நர்ஸம்மா வாங்கி ஏற்றினார். அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். மேடையில் பெயர் சொல்லாத வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. ஐப்பசி முடிவதற்குள் பழையபடி சாயங்காலம் கேட்டில் வந்து நின்றாள். எண்ணிக்கை இரண்டு தடவை, நாலு தடவை என்று ஏறியது. நான் லோடு ஏற்றுகிற மும்முரத்தில் இருந்தேன். ஒரு நாள் வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். போய்ப் பார்த்தால், அவள் வேனுக்கு முன்னால் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“ஒருத்தி கொறையுது. அவ வராம வேன் போகக் கூடாது.”

யாரும் குறையவில்லை, எந்திரி என்றேன். நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க எண்ணவே இல்லையே.”

கையைப் பிடித்துத் தூக்கினேன். உடம்பு இரும்பாகக் கனத்தது. வேனிலிருந்து பெட்டி ஒட்டுகிற பெண் ஒருத்தி இறங்கி வந்தாள். எங்கள் கம்பெனியில் ஆரம்பத்திலிருந்து இருப்பவள். என் வீட்டுக்காரிக்குப் பக்கத்தில் குத்தவைத்துத் தலையைத் தடவிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“அம்மாவுக்கு மாத்திரை நின்னு போச்சு மொதலாளி.”

“எந்த மாத்திரை?”

“சக்கரைக்குன்னு நீங்க நெனைச்சுக்கிட்டு இருந்தீகளே, அது. நானும் அம்மாவும் ஒண்ணாத்தான் போனோம். நீங்க போர்டு வச்சதுக்கு அப்புறம் எவளும் அங்கன எட்டிப் பாக்குறதில்ல. கிறுக்கச்சின்னு நெத்தியில லேபிள் ஒட்டிக்கிட்டா போக முடியும்? நாளைக்கு வேலைக்கு வராதன்னு சொல்லணும்னா இப்பயே சொல்லிருங்க.”

வேனுக்குள் பார்த்தேன். இன்னும் மூன்று நான்கு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்புட்டுப் பேரும் என் கம்பெனி ஆள்கள். சாமிக்கு நான் நேர்ந்ததை ஊரெல்லாம் சொன்னபோது இவர்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்திருப்பார்கள். அந்தப் பெண்தான் அவளைத் தேற்றி எழுப்பினாள். நான் இல்லை.

மறுநாளே ஏணி போட்டு நானே ஏறிப் போர்டைக் கழற்றினேன். கீழே நின்ற நர்ஸம்மாவிடம், சரியாப் போச்சா தாயி என்று கேட்டேன்.

“போர்டக் கழட்டிட்டீக ஐயா. வேன்ல இருந்து எறக்கி விட்டுருவாகங்கிற பயத்த யாரு கழட்டுறது?”

அதற்கு மறுநாள் காலை, ஆள்கள் ரூமுக்குள் போகும் முன்னால் கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துப் பேசினேன். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்து ரூமுக்குப் போகாமல் பெட்டி ஒட்டலாம், பட்டாசைக் கட்டுக் கட்டலாம். வேலை போகாது என்றேன். மேடைப் பேச்சில் எனக்குக் கை தட்டாத கூட்டம் கிடையாது. அன்றைக்கு ஒருவரும் தட்டவில்லை. போர்மேன் மட்டும் சரிங்க என்றார். அவர்கள் நம்பினார்களா என்று எனக்குத் தெரியாது. முதல் இரண்டு செவ்வாயும் யாரும் போகவில்லை. நான் கட்டிக்கொடுத்த ரூமில் தடுப்பூசி போடும்படி டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். மனசு டாக்டர் பழைய நடு ரூமுக்கே திரும்பினார்.

என் வீட்டுக்காரி எழுந்திருக்கவே மறுத்தாள். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அங்கே வர என்று சுவரோடு திரும்பிப் படுத்தாள். சாப்பாடு ஒரு தம்ளர் நீராகாரம் என்று ஆனது. மூன்றாவது செவ்வாய், பார்க்க வேண்டியது எனக்குத்தான், நீ துணைக்கு வா என்றேன். பொய்தான். காரை எடுக்காமல் நடந்தே போனோம். என் பெயரில் சீட்டு வாங்கி, இருமுகிற கிழவருக்கும் காய்ச்சல் பிள்ளைக்கும் நடுவில் உட்கார்ந்தேன். இத்தனை வருசத்தில் நான் வரிசையில் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. நர்ஸம்மா என் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, தூக்கம் எப்படி என்று கேட்டார். எனக்கென்ன, கல்லு மாதிரி தூங்குவேன் என்றேன்.

“மூணு மணிக்கே எந்திரிச்சு கட்டில்ல உக்காந்திருக்காக. வருசக் கணக்கா” என்றாள் என் வீட்டுக்காரி. பல நாளுக்குப் பிறகு அவளாகப் பேசியது அது.

என் சீட்டு நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“நீங்க இருங்க. ஒங்களுக்கு அடுத்தாப்புல போடச் சொல்லுறேன்.”

சீட்டை வாங்கிக்கொண்டு தானாகவே உள்ளே போனாள். கதவு சாத்தவில்லை, திரைதான். ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. வெகு நேரம் கழித்து, கண் வீங்கி வந்தாள். உங்களைக் கூப்பிடுகிறார் என்றாள். கம்பெனிக்கு லாரி வருகிற நேரமாகிவிட்டது என்று சொல்லி நான் எழுந்துவிட்டேன். அன்றைக்கு லாரி ஒன்றும் வரவில்லை.

உள்ளே என்ன பேசினாள் என்று இன்றுவரை அவள் சொன்னதில்லை. கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை. அடுத்த செவ்வாயும் போனாள். அதற்கடுத்த செவ்வாய் பெட்டி ஒட்டுகிற பெண்ணும் கூடப் போனாள். நான் வாசல் பெஞ்சு வரைக்கும் போய் உட்கார்ந்திருப்பேன். சீட்டு வாங்கியதில்லை.