பூச்சிக்கு வைத்த முல்லை

முல்லை வாசனை. வாசல் கேட்டைத் திறக்கும்போதே மூக்கில் ஏறியது. சென்னை ரயிலில் நசுங்கி வந்த களைப்பெல்லாம் ஒரே மூச்சில் காணோம்.

சின்ன வயதில் இதே வாசனைக்கு நடுவில் ஒரு அந்துப்பூச்சியைப் பார்த்தேன். பூவில் உட்காராமல், அந்தரத்தில் நின்றபடி, நீள நாக்கை நீட்டித் தேன் குடித்தது. அதை மறுபடி பார்த்துவிட ஆசை. முல்லை, இருவாட்சி, நித்யமல்லி... இருட்டினால் மலர்கிறவையாகப் பார்த்து வைத்தேன். கொடிகள் தழைத்தன. பூ? ஒன்றுகூட இல்லை. உரம் போட்டேன். நர்சரிக்காரரைத் திட்டினேன்.

இன்று வாசனை! ஓடிப்போய்ப் பார்த்தால் — வெறும் இலை. அப்படியென்றால்?

மனைவியின் தலையில் இருந்தது.

"நம்ம செடிப் பூதான். பக்கத்து வீட்டு மங்கம்மாக்கா தினம் சாயந்திரம் மொக்கு பறிச்சுக்கினு போறாங்களே... இன்னிக்கி எனக்கும் ஒரு முழம் குடுத்தாங்க."

"தினமுமா? நீ சொல்லவே இல்லையே!"

"பூப் பறிக்கிறதெல்லாம் ஒரு சேதியா?"

அதானே. நம் ஊரில் முல்லையைக் கொடியிலேயே விரிய விடுகிறவர் யார்? தலையிலோ சாமி கழுத்திலோ விரிந்தால்தான் அது பூ. கொடியில் விரிந்தால் வீண்!

லீவு நாளில் மங்கம்மாவைக் கையும் கூடையுமாகப் பிடித்தேன்.

"கொஞ்சம் விட்டு வைங்கக்கா. ராத்திரி பூச்சி வரும்."

"பூச்சி வருதா? வேப்பெண்ணெ அடிங்க சார்."

"அய்யோ, வரணும்க்கா! அதுக்குத்தான் வெச்சதே."

"சாமிக்கு ஆவுற பூவப் பூச்சிக்கா? நல்லாத்தான சார் இருந்தீங்க!"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அரக்கோணத்தில் இருக்கும் மகளுக்கு இது ஏழாம் மாதமாம். முன்பு இரண்டு முறை தங்கவில்லை. குழந்தை கைக்கு வரும்வரை தினமும் தன் கையால் கட்டிய சரத்தை மலைக்கோயில் முருகனுக்கு எடுத்துப்போவதாக வேண்டுதல்.

பூச்சிக்குப் பசி. இவருக்குப் பயம். யார் பக்கம் நியாயம்? குழப்பம்தான். முருகனையே கேட்கலாம் என்றால்... இந்த வழக்கில் அவரும் ஒரு கட்சிக்காரர்!

"எல்லாத்தையும் எடுத்துக்கங்கக்கா" என்றேன்.

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட் வரை போனவர் திரும்பினார்.

"அந்த மூலைக் கொடிய மட்டும் விட்டுட்டேன் சார். பூச்சி வந்தா சொல்லுங்க... எம் பொண்ணுக்காக அதுவும் ஒரு வார்த்த வேண்டிக்கட்டும்."