சாப்பாடு வந்துட்டாக்கா?

கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிப் போயிருந்தன. மணலியில் கன்டெய்னர் யார்டில் பத்து மணி நேரம் நின்றே பார்க்கும் வேலை எனக்கு. அன்று வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்த பிறகுதான் இது நடந்தது. கட்டுக்கதை என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்களை நம்பவைக்க எனக்கு யாரும் கூலி தரவில்லை.

திருவொற்றியூரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி. மேல்மாடியில் என் வீடு. குடிவந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. அக்டோபர் 31. ஹாலோவீனாம். பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக வருவார்களாம், நாம் சாக்லேட் தரவேண்டுமாம். நல்ல வேஷத்துக்குப் பரிசு வேறு. சங்கச் செயலாளர் திருமுருகன் வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப நினைவூட்டிக்கொண்டிருந்தார். வாசலில் டிரெய்லர் லாரிகள் ஆளை உரசிக்கொண்டு ஓடுகின்றன. காற்று ஒரு பக்கம் திரும்பினால் கெமிக்கல் நாற்றம். இது போதாதென்று இவர்களுக்குப் பயப்பட பிளாஸ்டிக் மண்டையோடு வேண்டியிருக்கிறது.

ஒரு பாக்கெட் சாக்லேட் வாங்கி வைத்திருந்தேன். ஆறரை மணிக்கு வர ஆரம்பித்தார்கள். தக்காளி சாஸ் பூசிய ஒரு குட்டிப் பேய், "ஆன்ட்டி, டார்க் சாக்லேட் இல்லையா?" என்றது.

"இல்ல கண்ணு. இருக்கிறத துன்னு."

மணி 7.20. காலிங்பெல் அடிக்கவில்லை. யாரோ கதவைத் தட்டினார்கள். உள்ளங்கையால். தப்... தப்...

திறந்தேன். பிள்ளை இல்லை. முப்பது வயது ஆள். தலையில் சும்மாடு, அரைக்கால் டவுசர், கிழிந்த பனியன். உடம்பு முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஈரமான கான்கிரீட்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவனோ பிளாட்காரன். கூலிக்காரன்தான் இவர்களுக்குப் பேய்! என் அம்மா சித்தாள். கூரைக்குக் கான்கிரீட் தளம் போடும் நாளில் ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் தருவார்கள். அவள் அதைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவருவாள். அப்படி வளர்ந்தவள் முன்னால் வந்து இந்த வேஷம்.

"எக்கா... சாப்பாடு வந்துட்டாக்கா?"

தெற்கத்திப் பேச்சு. அதையும் பழகிக்கொண்டு வந்திருக்கிறான்.

"இன்னா சாப்பாடு? ஷோக்கா வேஷம் கட்டிகினு வந்து நக்கலா?"

"தளம் போட்டாச்சுக்கா. பொட்டலம் தருவோம்னாவ."

"பக்கத்து வூட்ல சாக்லேட் தர்றாங்க, போய் வாங்கி நக்கு. கெளம்பு."

சொல்லும்போதே அவன் காலைப் பார்த்தேன். விரலிடுக்கில் சிமெண்ட் தின்ற புண். ஓரம் வெள்ளையாக ஊறி, நடுவில் சிவந்து... அம்மா காலில் பார்த்திருக்கிறேன். அதைச் சாயத்தில் வரைய முடியாது.

அவன் இமைக்கவே இல்லை. இமையிலும் கான்கிரீட்.

கதவைச் சாத்தினேன். திரும்பினேன்.

தரையில் ஈரக் காலடிகள்... ஹால் நடுவில், ஃபேனுக்கு நேர் கீழே தொடங்கி... வாசல்வரை.

வெளியே போன தடம் மட்டும்.

உள்ளே வந்த தடம் இல்லை.

பொட்...

என் தோளில் ஏதோ விழுந்தது. தொட்டேன். ஈரமான கான்கிரீட்.

மேலே பார்த்தேன். தளம் காய்ந்து கிடந்தது.

அன்றிரவு குரூப்பில் திருமுருகன் எழுதினார்: "முதல் பரிசு கட்டட வேலைக்காரர் வேஷத்துக்கு! செம மேக்கப்! யாருங்க அது?" எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறான். எல்லாரும் சிரித்துக்கொண்டே சாக்லேட் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பரிசு வாங்க யாரும் வரவில்லை.

மறுநாள் காலையில் படி பெருக்கும் கெங்கம்மா ஒரு முறம் நிறைய சாக்லேட்டோடு இறங்கி வந்தாள். மொட்டை மாடியில் கிடந்ததாம். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. இதே கட்டடத்தில் சித்தாளாக இருந்தவள் அவள். வந்த ஆளின் அடையாளத்தைச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"சுடலைராஜ்மே அது. தின்னவேலிக்காரன். ஒன் வூட்டுக்கு தளம் போட சொல்லோ கீய குடுத்த முட்டுக் கம்பு சரிஞ்சி, கான்கிரீட்டோட ஒன் ஹால்லதான் வந்து வுயுந்தான்."

"அப்பறம்?"

"ஆஸ்பத்திரி போறதுக்குள்ள பூட்டான். இங்க மேஸ்திரி மறுபடி முட்டு குடுத்து மீதிய கொட்ட சொன்னான். கலவ காஞ்சிடுமாம்."

"பிரியாணி?"

"வந்துச்சி. காலைலேந்து அதையேதான் கேட்டுகினு கெடந்தான், பாவம். அவன் பொட்டலத்த அந்த மேஸ்திரி குமாரவேலு துன்னான்."

அன்று சாயங்காலம் ஒரு பொட்டலம் வாங்கி ஃபேனுக்குக் கீழே வைத்தேன். காலையில் அப்படியே இருந்தது. எறும்புகூட ஏறவில்லை. என் கடன் இல்லை அது.

குமாரவேல் இப்போது அடுத்த தெருவில் வேறொரு கட்டடத்தில் நிற்கிறான். போய்ச் சொன்னேன்.

"இன்னாமே, பேய்க்குப் பிரியாணியா?" என்று பல்லைக் காட்டினான்.

தினமும் 7.20 ஆனால் கதவு தப்... தப்... என்கிறது. நான் திறப்பதில்லை.

மேஸ்திரி குமாரவேல், சுடலைராஜுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம் தரவேண்டும். இன்னும் தரவில்லை.