கான்வெண்டின் தமிழ் பீரோ

சித்தூரில் நான் படித்த கான்வெண்டில் நூலகம் என்பது ஜெபக்கூடத்தை ஒட்டிய நீளமான ஓர் அறை. அதில் மூன்று பீரோக்கள் இருந்தன. ஒன்று இங்கிலீஷ், ஒன்று தெலுங்கு, ஒன்று தமிழ். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஆளுக்கொரு புத்தகம் கிடைக்கும். திங்கட்கிழமை காலையில் திருப்பித் தந்துவிட வேண்டும். அந்த அறையைக் கவனித்துக்கொண்ட சிஸ்டர் திருநெல்வேலிக்காரர். புத்தகத்தைத் தரும் முன் எங்கள் உள்ளங்கைகளைப் பார்ப்பார். திரும்பி வந்த புத்தகத்தை அதைவிடக் கவனமாகப் பார்ப்பார்.

எனக்கு அப்போது பத்து வயது. புத்தகம் வாங்குவதில் இருந்த ஆசை படிப்பதில் கிடையாது. படம் உள்ள பக்கங்களைப் பார்த்து, இருபது முப்பது பக்கம் படித்து, மூலையில் போட்டுவிட்டு ஆடப் போய்விடுவேன்.

ஒரு திங்கட்கிழமை சிஸ்டர் என் புத்தகத்தை விரித்து என் பக்கம் திருப்பினார். ஓரத்தில் மஞ்சள் படிந்த ஒரு விரல் தடம்.

"எழுபத்திரண்டாம் பக்கம். நீ எதுவரைக்கும் படிச்ச?"

"முப்பது, சிஸ்டர்."

"அப்போ எழுபத்திரண்டப் படிச்சது யாரு?"

எனக்கும் அதுதான் தெரியவில்லை. சிஸ்டர் கோபப்படவில்லை. இந்தத் தடவை மட்டும் புத்தகம் தருவதாகவும், யாரென்று கண்டுபிடித்துச் சொன்னால்தான் அடுத்தது என்றும் சொன்னார். பரீட்சைக்குக்கூட நான் அவ்வளவு ஆர்வமாகத் தயாரானதில்லை.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவருக்குப் புத்தூர் போகிற பஸ்ஸில் டிரைவர் வேலை. அவர் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் இருக்க மாட்டார். தம்பி இன்னும் பள்ளிக்கூடமே போகவில்லை. நைனாவின் அக்காவான அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். தபால்காரர் கடிதம் கொண்டுவந்தால் அம்மா அதை வாங்கி மாடத்தில் வைப்பாள். சாயங்காலம் நைனா வந்து படித்துச் சொல்லும்வரை அது அங்கேயே இருக்கும். ஆகவே யாரோ வெளியாள் வந்துபோவதாக முடிவு செய்தேன்.

சனிக்கிழமை, புத்தகத்தின் நூறாவது பக்கத்தில் ஒரு கறுப்பு நூலை வைத்தேன். சாயங்காலம் பார்த்தபோது நூல் நூற்றுப்பத்தில் இருந்தது. எடுத்தவர் நூலை எறியவில்லை, தான் விட்ட இடத்தில் வைத்திருந்தார். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அத்தை கோவிலுக்குக் கிளம்பியதும், நானும் ஆடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், சந்து வழியாகப் பின்கட்டுக்குத் திரும்பினேன். விறகுக்கட்டுகளுக்குப் பின்னால், ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் என் புத்தகம். உதடுகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"அத்தகிட்ட சொல்லாத" என்றாள் முதலில். கல்யாணமானவள் கையில் புத்தகம் எதற்கு என்பது அத்தையின் கட்சி. பிறகு, வெகுநாளாக அடக்கி வைத்திருந்தது போல, "போன மாசம் எடுத்தாந்தியே, கப்பல்ல போனானே ஒருத்தன், அவன் திரும்பி வந்தானா இல்லியா? நீ பாட்டுக்குத் திருப்பிக் குடுத்துட்ட" என்று கேட்டாள்.

நான் கப்பல் படம்வரை மட்டுமே பார்த்திருந்தேன்.

மறுநாள் சிஸ்டரிடம் அவர் காதோடு உண்மையைச் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை அவர் இரண்டு புத்தகம் தந்தார். ஒன்று கப்பல்காரன் கதை. திங்கட்கிழமை என்ற விதியை எனக்கு மட்டும் தளர்த்தினார். ஒரு வருஷம் அப்படியே நடந்தது. அம்மா படித்து முடித்ததைச் சமைத்துக்கொண்டே எனக்குச் சொல்வாள், நான் அதையே சிஸ்டரிடம் நான் படித்ததாக ஒப்பிப்பேன். அவரும் நம்புவது போலக் கேட்டுக்கொள்வார்.

ஆந்திராவுக்கும் மதராசுக்கும் இடையே இருந்த எல்லைத் தகராறு தீர்ந்தது அதற்குப் பிறகுதான். திருத்தணி மதராசுக்குப் போகிறது, சித்தூர் ஆந்திராவிலேயே இருக்கிறது என்று நைனா பஸ்ஸில் கேட்டு வந்து சொன்னார். எங்கள் கான்வெண்டில் தமிழ் வகுப்புகளை நிறுத்துவது என்று முடிவானது. தமிழ் பீரோ, புத்தகங்களோடு திருத்தணிப் பக்கத்துக் கான்வெண்டுக்குப் போகும் என்றார்கள்.

பீரோ போவதற்கு முதல் நாள், சிஸ்டர் வரச் சொன்னதாக அத்தையிடம் சொல்லிவிட்டு அம்மா என்னோடு பள்ளிக்கு வந்தாள். சிஸ்டரும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தது அன்றுதான்.

"எதுவரைக்கும் படிச்ச?" என்று சிஸ்டர் கேட்டார்.

"அஞ்சாவது. சத்தியவேட்டுல."

தையல் பிரிந்துபோன புத்தகங்களை அனுப்பப்போவதில்லை, அதில் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள் என்று சிஸ்டர் மேஜையைக் காட்டினார். அங்கே எட்டு பத்து கதைப் புத்தகங்கள் கிடந்தன. நான் தடிமனான ஒன்றை அம்மாவின் கைப்பக்கம் நகர்த்தினேன். அம்மா அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பித் தெலுங்கு பீரோவைப் பார்த்தாள்.

"இது எங்கியும் போவாதில்ல?"

"போகாது" என்றார் சிஸ்டர்.

"அப்ப இதுல அ, ஆ புத்தகம் ஒண்ணு குடுங்க."

சிஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். சாவியை எடுத்துத் திறந்து, கீழ்த்தட்டிலிருந்து மெல்லிய வாசகப் புத்தகம் ஒன்றை எடுத்து, இரண்டு கைகளாலும் கொடுத்தார்.

வழி நெடுக எனக்கு அம்மாமேல் கோபம். முழுசாக ஒரு கதை கிடைக்கிறபோது, பசுவும் வீடும் படம் போட்ட குழந்தைப் புத்தகத்தை யாராவது கேட்டு வாங்குவார்களா? வீட்டில் அத்தை கேட்டதற்கு, "சின்னவனுக்கு" என்றாள் அம்மா. அப்போதுதான் எனக்குச் சமாதானமாயிற்று. தம்பி அந்த வருஷம் தெலுங்குப் பள்ளியில் சேர இருந்தான்.

சாயங்காலங்களில் அம்மா அவனை அடுப்படியில் உட்காரவைத்து, பள்ளியில் சொல்லித்தந்ததைச் சத்தமாகப் படிக்கச் சொல்வாள். ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு தரம், மூன்று தரம் சொல்லச் சொல்வாள். அவன் விரல் ஊர்கிற இடத்தை விட்டு அவள் கண் நகராது, உதடுகள் மெல்ல அசையும். தம்பி படிப்பில் மந்தம், அதனால்தான் அம்மா இவ்வளவு பாடுபடுகிறாள் என்று நான் அப்போது நினைத்தேன்.