திங்கட்கிழமையின் இரண்டாவது விரிவுரை

"திங்கள்: பொருளியல் சிந்தனை வரலாறு. முதலில் சிங்களம், அடுத்து தமிழ்." 1983இல் எங்கள் பல்கலைக்கழகப் பொருளியல் துறையின் அறிவிப்புப் பலகையிலிருந்து நான் எழுதிக்கொண்ட வரி இது. இரண்டையும் நடத்தியவர் ஒருவரே: யாழ்ப்பாணத்து விரிவுரையாளர். நாங்கள் 'சேர்' என்போம். ஆங்கிலத்தில் மட்டும் கற்பித்துவந்த துறை சுதேச மொழிகளுக்கு மாறியபோது, இரண்டிலும் வகுப்பெடுக்க முடிந்த மிகச் சிலரில் அவர் ஒருவர்.

எதைக் கேட்டாலும் சேர் மூன்று காரணங்கள் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்குவார். கன்டீனில் தேநீர் ஏன் பிந்துகிறது என்று கேட்டாலும் மூன்றுதான். சிங்கள வகுப்பின் முன்வரிசை மாணவன் ஒருவன் தமிழ் விரிவுரைக்கும் எழுந்து போகாமல் இருப்பான். "தமிழ்ல நாலாவது காரணம் ஒளிச்சி சொல்றாரா பாக்கிறது" என்று அரைகுறைத் தமிழில் சிரிப்பான். சேரின் வாடகை வீட்டுக்குப் போய் நூல்கள் இரவல் வாங்குபவனும் அவன்தான்.

ஜூலையில் கண்டியில் தமிழர் கடைகள் எரிந்த அன்று, அக்குறணையிலுள்ள எங்கள் வீட்டுக்குச் சேரை அழைத்துவர மாமாவும் நானும் வேனில் போனோம். மாமா தன் தொழுகைத் தொப்பியைக் கழற்றிச் சேரின் தலையில் வைத்தார். "என்னய விட ஒங்களுக்குத்தான் சேர் நல்லா ஈக்கிது. வாய மட்டும் தொறக்க வாணாம்."

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால் ஒரு கூட்டம் மறித்தது. ஒருவன் தலையை உள்ளே நீட்டி, இந்த நேரத்தில் ஏன் போகிறீர்கள் என்று சிங்களத்தில் சேரிடமே கேட்டான். கேள்வி கேட்கப்பட்டுவிட்டது, சேரால் சும்மா இருக்க முடியவில்லை. "மூன்று காரணங்கள்" என்று விரிவுரை மண்டபத்துச் சிங்களத்தில் தொடங்கி, முதல் விரலை மடக்கினார்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவன் அந்த முன்வரிசை மாணவன். கையில் பெற்றோல் கேன்.

"அடேய், இது அக்குறணை மௌலவி! விட்டா பொழுதுபடும்வரை பயான் பண்ணுவார். போகட்டும்!" என்றான் சிங்களத்தில். எல்லோரும் சிரித்து வழிவிட்டார்கள். அவன் சேரின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

எங்கள் வீட்டில் சேர் சாப்பிடவில்லை. மறுநாள் சொன்னார். "ஓம், அவன்தான் என்னைக் காப்பாத்தினவன். ஆனா அவன் ஏன் தம்பி அங்க நிண்டவன்?" நான் காத்திருந்தேன். அவருடைய விரல்கள் மடியில் அப்படியே கிடந்தன.

சேர் யாழ்ப்பாணம் போனார், திரும்பவில்லை. அடுத்த அட்டவணையில் இரண்டாவது விரிவுரைக்கு எதிரே பெயர் இல்லை. அந்த மாணவன் பின்னாளில் அதே துறையில் பேராசிரியரானான். அந்தப் பேராசிரியர் எழுதிய துறை வரலாற்றில் சேருக்கு ஒரு வரி உண்டு: "இரு மொழிகளிலும் கற்பித்தவர், 1983இல் விலகினார்." விலகினார்! வெளியீட்டு விழாவில் நான் அவரிடம் நேரே போய், "சேர்ட வீட்டுக்கு என்ன நடந்த?" என்று கேட்டேன். "அது பழைய கதை, மச்சான்" என்று தோளில் தட்டிவிட்டு அடுத்தவரிடம் திரும்பினார்.

நாங்கள் பாலத்தைக் கடந்த பிறகு, அந்தக் கூட்டம் சேரின் வீடு இருந்த ஒழுங்கைக்குப் போயிருக்கிறது. அங்கே எரிந்தது அவர் வீடு ஒன்றுதான். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. வீட்டைக் காட்டிக்கொடுத்தவர் யார் என்பதை இதுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.