கண்மாயில் நின்ற நுரை

நீங்கள் பொய் சொன்னீர்கள். கண்மாயில் மடை திறந்து மூடுகிற மடைக்காரர்தான் மீனை மயக்கித் திருடுவதற்காகக் கள்ளிப்பால் கலந்தார் என்று ஊர்க்கூட்டத்தில் தீர்ப்புச் சொன்னீர்கள். அது பொய் என்று அன்றைக்கே பஞ்சாயத்துத் தலைவரான உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை எழுத எனக்கு முழு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆறேழு வருஷம் ஆகிறது. குடுமியான்மலை ரோட்டில், உங்கள் கட்டடத்தில், நான் மளிகைக் கடை வைத்திருந்தேன். சோப்புத்தூள் எங்கள் பக்கத்துக்குப் புதிது. திருச்சியிலிருந்து ஒரு பெரிய தகர டின் வாங்கி வந்து, கடை வாசலில் வாளியில் கலக்கி நுரை காட்டினேன். எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். வாங்கியது நீங்கள் மட்டும்தான். உங்கள் மகள் கல்யாணம் முடிந்து ஜமுக்காளமும் பந்திப்பாயும் அண்டாவும் மலையாய்க் கிடந்தன. "டின்னோட குடுத்துருங்க" என்றீர்கள்.

வைகாசி மாதம். மடையை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் தண்ணீர் கிடந்தது. கண்மாய் மீன் மொத்தமும் அதில்தான். உங்கள் ஆட்கள் அங்கேதான் துவைத்தார்கள். தூளுக்கு அளவு சொல்ல நானே போனேன். எனக்கே அளவு தெரியாது. நுரை குறையும்போதெல்லாம் இன்னும் கொட்டச் சொன்னேன்.

மடைக்காரர் கரையில் நின்று சொன்னார்: "கடைக்காரரே, மீனு கெடக்குற தண்ணிங்க. இங்கிட்டு வேணாம். கெணத்தடியில வச்சுத் தொவைக்கச் சொல்லுங்க."

"மீனும் கொஞ்சம் வெளுக்கட்டுமே" என்றேன். துவைத்தவர்கள் சிரித்தார்கள்.

பழைய சவுக்காரக் கட்டியின் நுரை என்றால் மத்தியானத்துக்குள் அடங்கிவிடும். இது மூன்று நாள் நின்றது. மறுநாள் காலையிலேயே மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. புதுவெள்ளம் வரும்போது எங்கள் கண்மாயில் இப்படித்தான் நுரை தள்ளும், மீன் எதிர்த்து ஏறும். மேற்கே மழை என்று எவனோ சொல்ல, ஊரே கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கியது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன். சொல்லவில்லை.

அன்று எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. என் மனைவி ஒரு வாய் வைத்துவிட்டுச் சட்டியைத் தள்ளினாள். "ஒங்க கடையவே கொளம்பு வச்ச மாதிரி இருக்கு."

கெண்டை பூராவும் செத்து ஒதுங்கியது. விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன், அது பிழைத்தது. பத்து நாள் கழித்துப் பிடித்த விராலிலும் அந்த வாடை இருந்தது. உப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மீன்துறை ஆள் ஒருவர் பின்னாளில் கடைக்கு வந்தபோது கேட்டேன். தூள் செவுளை அரித்துவிடும், மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டும், சாகாத மீன் அதை உடம்பில் சேர்த்துக்கொள்ளும் என்றார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்று நான் தப்பிக்க முடியாது.

கூட்டத்தன்று காலையில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். "தூளாலதாங்க செத்துச்சு" என்றேன்.

"கல்யாண வீட்டுப் பேரக் கெடுக்காதய்யா. அந்தக் கட்டடத்துல கடைய நடத்தணுமா, வேணாமா?" என்றீர்கள்.

கூட்டத்தில், அந்த மீனைத் தின்று வயிறு கலங்கியவர்கள் கத்தினார்கள். மடைக்காரர் கத்தவில்லை. என்னைக் கை காட்டினார். "கடைக்காரரக் கேளுங்க. அவரு பக்கத்துலதான் நின்னாரு."

எல்லாரும் திரும்பினார்கள். "நான் என்னத்தக் கண்டேன்" என்றேன்.

அவ்வளவுதான். அவருக்கு மடை போயிற்று, அறுப்புக் களத்தில் அதற்குக் கூலியாக அளக்கிற நெல் போயிற்று. இப்போது ரோட்டுக்குக் கல் உடைக்கிறார். இன்றும் உங்கள் கட்டடத்திலேயே இருக்கிற என் கடை வழியாகத்தான் போகிறார். என்னைத் திட்டியதில்லை. திட்டினால் தேவலை.

இந்த வருஷமும் தண்ணீர் வற்றியதும் ஊர் மீன் பிடிக்கக் கரையில் கூடும். யாரும் இறங்குமுன், அன்று துவைத்த இடத்திலிருந்து நான் எடுத்து வந்து ஒளித்து வைத்த அந்தக் காலி டின்னோடு நிற்பேன். நான் செய்ததை நான் சொல்வேன். அடுத்து நீங்கள் பதில் சொல்லுங்கள்: அன்று காலையில் நான் உங்களிடம் வந்து சொன்னேனா, இல்லையா? எனக்குச் சொல்ல வேண்டாம். ஊர் கேட்க, மடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.