கண்ணாடியில் ஒட்டிய போஸ்டர்

வேலூரில் புதிதாக எழும்பிய அந்த எட்டு மாடிக் கட்டிடத்தில் தோல் ஏற்றுமதி ஆபீஸ், பேங்க், கம்ப்யூட்டர் கம்பெனி எல்லாம் இருக்கின்றன. சுவர் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது, சுற்றிலும் கண்ணாடி. கட்டினவர் துடைப்பதாயிருந்தால் இப்படிக் கட்டியிருப்பாரா? துடைத்தது லில்லியும் சுந்தரியும்.

லில்லி விதவை, பிள்ளை இல்லை. சுந்தரிக்கு யாருமே இல்லை. ஒருத்தி சர்ச், ஒருத்தி கோயில், ஆனால் மத்தியானச் சோறு ஒரே டப்பாவில்தான். போன வாரம் காய்ச்சலில் படுத்த சுந்தரி எழுந்திருக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கும் சுடுகாட்டுக்கும் லில்லிதான் அலைந்தாள்.

நம் ஊரில் காதுகுத்துக்கும் போஸ்டர், கட்சிக்காரர் காய்ச்சல் தேறி வந்தாலும் போஸ்டர். சுந்தரி செத்தது மட்டும் அந்தக் கட்டிடத்தில் ஒருவருக்கும் தெரியாது. லில்லியால் அதைத் தாங்க முடியவில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க நயீம் அகமதின் அச்சகத்துக்குப் போனாள்.

"கீழ யார் யார் பேரும்மா?" என்றார் அவர். மகன், மருமகள், பேரன் என்று வரிசையாகப் போடுகிற இடம் அது.

"தங்கச்சி லில்லின்னு போடுங்க பாய்."

"அவ்ளோதானா? எடம் ஜாஸ்தி இருக்குதே."

"அவ்ளோதான். போட்டோவப் பெருசா போட்டுடுங்க."

மறுநாள் காலையில் வாசல் கண்ணாடியில் ஒட்டிவிட்டு ஓரமாக நின்றாள். வந்தவர்கள் போனைப் பார்த்தபடியே உள்ளே போனார்கள். போகட்டும். நாலாம் மாடி ஜெனிஃபா வந்தால் போதும் என்றிருந்தாள் லில்லி. தினமும் நின்று இரண்டு வார்த்தை பேசுகிற ஒரே பெண் அவள்தான்.

ஜெனிஃபாவுக்கு முன்னால் சூப்பர்வைசர் கார்முகிலன் வந்துவிட்டான். "இன்னாக்கா இது? மேனேஜர் பாத்தா என் வேலை போய்டும். சீக்கிரம் எடுத்துடு." கெட்டவன் இல்லை, அவன் பயம் அவனுக்கு.

லில்லி தண்ணீர் தெளித்துச் சுரண்டினாள். எழுத்தெல்லாம் உரிந்து வந்துவிட்டது. சுந்தரியின் முகம் பாதி போயிருந்தபோது ஜெனிஃபா வந்தாள். பக்கத்துக் கண்ணாடியில் பார்த்துத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

"இங்ககூட ஒட்டிட்டாங்களா? உங்களுக்குத்தான் பேஜார். குட் மார்னிங் சுந்தரிக்கா" என்றாள் லில்லியிடம்.

லில்லி வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட் ஜெனிஃபாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஆறு நாளாக வராத அழுகை லில்லிக்கு அப்போது வந்தது.