அசுர ராஜாவுக்குக் கருமாதி

வரதய்யபாளையம் பக்கம் போய் தணிகாசலம் வீடு எது என்று கேட்டால், "அசுரனுக்குச் சோறு போட்டாரே, அவரா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். அதில் கேலி ஒன்றும் இல்லை. அந்தச் சாப்பாட்டில் வடை நன்றாக இருந்தது என்பது ஊரறிந்த விஷயம்.

தணிகாசலம் வேர்க்கடலை போட்டுப் பிழைத்தவர். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது அவருடைய கடலைக் கொல்லையும் சேர்ந்து போனது. வந்ததில் மாடி வீடு கட்டினார், மகள் தேன்மொழியைப் படிக்க வைத்தார். அவளுக்கு அந்தத் தொழிற்பேட்டையிலேயே ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலையும் கிடைத்தது. எல்லாம் நல்லபடியாக நடந்தது. ஆனால் விடிந்தால் என்ன செய்வது என்பது மட்டும் தணிகாசலத்துக்குத் தெரியவில்லை. கை சும்மா இருக்கவில்லை. தெருவோரம் முளைத்த புல்லைப் பிடுங்கினார். அது தீர்ந்ததும், எதிர்வீட்டு வாத்தியார் ஆசையாகக் காசு கொடுத்து வாங்கிப் பதித்திருந்த புல்தரையையும் ஒரு காலையில் சுத்தமாகப் பிடுங்கிப் போட்டார். வாத்தியார் போலீசுக்குப் போகாமல் இருந்ததே பெரிது.

அந்த வாரம்தான் தேன்மொழி கம்பெனியில் ஒரு ஜப்பான் இன்ஜினியர் வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பினார். கொண்டு போக முடியாத சாமான்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுத்தார். ஒருத்திக்குச் சோறாக்கும் குக்கர், ஒருத்திக்குக் குடை. தேன்மொழிக்கு விழுந்தது கையில் பிடித்து ஆடும் வீடியோ கேம், மூடித் திறக்கும் சின்னப் பெட்டி. அவளுக்கு ஏது நேரம்? கொண்டு வந்து அப்பா மடியில் போட்டாள்.

"இந்தா நைனா. இத்த வெச்சிக்கினு வூட்டுக்குள்ளயே இரு. வாத்தியார் வூட்டுப் பக்கம் போவாத."

உள்ளே இருந்தது ஒரே ஒரு ஆட்டம். மாதக்கணக்கில் ஆடினாலும் தீராத பெரிய கதை. காடு, கடல், கோட்டை, ஊருக்கு ஊர் ஜனங்கள், நடுவே கையில் ஒரு தடியோடு ஒரு வீரன். எழுத்தெல்லாம் ஜப்பான் பாஷை. ஆரம்பத்திலேயே வீரனுக்கு என்ன பெயர் என்று கேட்டிருக்கிறது. தணிகாசலம் முதல் பட்டனையே நாலைந்து தரம் அமுக்கினார், அது ஒத்துக்கொண்டு உள்ளே விட்டது.

ஊரைத் தாண்டியதும் ஒரு புல்வெளி. அங்கே கத்திரிக்காய்க்குக் கால் முளைத்தது போன்ற ஜந்துக்கள் குதித்துக் குதித்து வந்தன. முதல் நாள் அவற்றிடம் அடி வாங்கி வீரன் செத்தே போனான். கண் விழித்தபோது வெள்ளை அங்கி போட்ட ஒருவர் எதிரே நின்றார்.

"நல்ல டாக்டரு" என்றார் தணிகாசலம். "ஊசி கூட போடாம எழுப்பி வுட்டுட்டாரு."

இரண்டாம் நாள் இரண்டு ஜந்துக்களை அடித்தார். மறுநாளும் அவை வந்தன. அப்போது அவருக்கு விஷயம் பிடிபட்டது. புல்வெளி என்பது நிலம், இவை பூச்சி. பூச்சி என்றால் இன்றைக்கு அடித்தாலும் நாளைக்கு வரத்தான் செய்யும். காலையில் குளித்து, கூழ் குடித்து, புல்வெளிக்குப் போனார். மத்தியானம் வீரனை மரத்தடியில் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வந்து மறுபடி இறங்கினார். நடுநடுவே மேளதாளம் போல ஒரு சத்தம் கேட்கும். வீரனுக்குப் பலம் கூடியதற்கான சத்தம் அது. அந்த ஊர்க் கோயிலில் ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொள்வார்.

அவர் மனைவி பிரமிளா டிவி பார்ப்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒருநாள் வீரன் ஒரு வீட்டுக்குள் போய்ப் பானை ஒன்றை உடைத்தான். உள்ளிருந்து காசு உருண்டது.

"ஏங்க, இன்னா வேல இது? அடுத்தவங்க வூட்டுக்குள்ள செருப்போட பூந்து பானைய ஒடைக்கிறீங்க. அந்தப் பொம்பள பாத்துக்கினே நிக்கிறா. பாவம், ஒரு வார்த்த கேக்கல பாரு."

"நா ஒடைக்கலடி. பட்டன அமுக்கினேன், அதுவா ஒடைஞ்சிட்ச்சி."

"கூப்புடாத வூட்டுக்குள்ள இனிமே போவக் கூடாது. சொல்லிட்டேன்."

யாரும் கூப்பிடவில்லை. எனவே எந்த வீட்டுக்குள்ளும் போகவில்லை. அந்த வீடுகளில்தான் கத்தியும் கவசமும் இருந்தன என்பது இருவருக்கும் தெரியாது. ஒரு வருஷம் இப்படியே போனது. தணிகாசலத்தின் முகத்தில் களை வந்தது. வாத்தியார் புதுப் புல் பதித்தார்.

தேன்மொழியின் கம்பெனியில் தமிழ்ச்செல்வன் என்றொரு பையன், நகரிக்காரன், ஜப்பான் பாஷை படித்து அங்கே துபாஷி வேலை பார்த்தான். மழைக்கு அவளைப் பைக்கில் கொண்டு வந்து விட்டவன், டீ குடிக்க உள்ளே வந்து, தணிகாசலத்தின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றுவிட்டது.

"மாமா, இது எந்த ஊரு?"

"இதான் நம்ம ஊரு."

"மொத ஊரா? தாண்டிப் போவவே இல்லியா? உங்க ஆளுக்கு இதுக்கு மேல பலமே கெடயாது மாமா. ஒலகத்தையே அடிக்கலாம். கையில தடி வெச்சிக்கினு பூச்சி அடிக்கிறாரு?"

"பூச்சி நிக்கலியே தம்பி."

தமிழ்ச்செல்வன் உட்கார்ந்தான். ஆட்டத்தில் வரும் அந்த ஊர்க் கிணற்றடியில் ஒரு பெண் தினமும் வீரனைப் பார்த்து ஏதோ கேட்பாள். அவள் என்ன கேட்கிறாள் என்று வாசித்தான்.

"'அசுர ராஜா எளவரசியத் தூக்கிக்கினு போயிட்டான். கெழக்குப் பாலத்தத் தாண்டிப் போயி மீட்டுக்கினு வருவியா'ன்னு கேக்குது."

தணிகாசலம் பெட்டியை மடியில் இறக்கி வைத்தார். "நா 'சாப்ட்டியா'ன்னு கேக்குதுன்னு நெனச்சேன். தெனிக்கும் 'ஆச்சும்மா'ன்னு அமுக்குவேன்."

"'வரேன்'னு சொல்லியிருக்கீங்க. ஒரு வருஷமா."

"சொன்ன வாக்கு இப்டிப் போச்சே. அந்தப் பொண்ணு அங்க இன்னா பாடு படுதோ!"

"இன்னொன்னு மாமா. உங்க வீரன் பேரு ஆஆஆஆ."

"அது போவட்டும். பாலம் எங்க இருக்குது, அத்தச் சொல்லு."

மறுநாள் காலை கிளம்பினார். பாலத்தில் நெருப்பு கக்கும் பெரிய பாம்பு ஒன்று காவல் இருந்தது. தடியால் ஒரு தட்டு, விழுந்தது. மலையில் இரும்பு மனிதன். ஒரு தட்டு. கடலில் எட்டுக் கை பூதம். அதற்கும் ஒன்றே. தட்டத் தட்டத் தணிகாசலத்துக்குச் சங்கடமாகிவிட்டது. கொஞ்சம் மெதுவாக அடிக்க வழி உண்டா என்று தமிழ்ச்செல்வனுக்குப் போன் போட்டுக் கேட்டார். இல்லை என்றான் அவன். கோட்டை வாசலில், அவன் சொல்லிக் கொடுத்தபடி, ஆட்டத்தைச் சேவ் பண்ணிவிட்டுக் கதவைத் திறந்தார்.

அசுர ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்தான். கையை நீட்டிப் பேச ஆரம்பித்தான். எழுத்து வரிவரியாக வந்தது. படிக்கத் தெரியாத தணிகாசலம் பழக்கதோஷத்தில் பட்டனை அமுக்கிக்கொண்டே போனார். பேச்சு முடிவதற்குள் சண்டை வந்தது. தடி விழுந்தது. அசுரன் செத்தான்.

பிறகு சோகமாக ஒரு பாட்டு. கறுப்புத் திரையில் பெயர் பெயராக மேலே ஏறிக்கொண்டே இருந்தது. ஆட்டத்தை உருவாக்கிய கம்பெனிக்காரர்களின் பெயர்கள். தணிகாசலமும் பிரமிளாவும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள்.

"இத்தினி சொந்தக்காரங்களா அவனுக்கு?" என்றாள் பிரமிளா.

"இத்தினி பேர் இருந்தும் எடுத்துப் போட ஒருத்தன் வரல பாத்தியா?" என்றார் அவர். பெட்டியை மூடி வைத்தார். வீட்டுக் கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகினார். அன்றும் மறுநாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. "பேச வந்த ஆள அடிச்சிட்டேன் பிரமிளா. வாயத் தொறந்து ஏதோ சொல்ல வந்தான். முடிக்க வுடல."

பிரமிளா யோசித்துப் பார்த்தாள். பட்டினி கிடக்கும் புருஷனை எழுப்ப அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "காரியம் பண்ணிடலாம். பதினாறாம் நாள் நாலு பேருக்குச் சோறு போட்டா மனசு ஆறும்."

சாவுச் சடங்குகளுக்கெல்லாம் சங்கு ஊதும் தாசரி கங்கையாவைக் கூப்பிட்டார்கள். கங்கையா தொழிலில் சுத்தமானவர். செத்தவர் யார் என்பதைவிட முறை தவறக் கூடாது என்பதுதான் அவருக்கு முக்கியம்.

"பேரு?"

"வொர்கனாஸ்" என்றான் தமிழ்ச்செல்வன்.

"வரகனாசய்யா. வயசு?"

"ஆயிரத்துக்கு மேல இருக்கும்."

"அப்போ கல்யாணச் சாவு. அழுவக் கூடாது. கொள்ளி வெச்சது யாரு?"

தணிகாசலம் முன்னால் வந்து மீசையை எடுத்துக்கொள்ள உட்கார்ந்தார். கொன்றவரே கொள்ளியும் வைத்த சங்கதி தன் அனுபவத்தில் இல்லை என்றார் கங்கையா. ஆனாலும் சங்கை எடுத்து ஊதினார். தெருவே வந்தது. தயங்கித் தயங்கித்தான் உட்கார்ந்தார்கள். சாம்பார், வடை, பாயசம் என்று இலை நிறைந்ததும் தயக்கம் போய்விட்டது. வாத்தியார்கூட வந்து, யார் தவறிவிட்டார் என்று கேட்காமலேயே துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

அடுத்து திருமலை. முடி கொடுத்தால் பாவம் தீரும் என்று தணிகாசலம் நேர்ந்திருந்தார். அஸ்தியைக் கொண்டு போவது போல அந்தப் பெட்டியையும் துணியில் சுற்றி எடுத்துப் போனார். அதைச் சாமான் வைக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு மொட்டை போட்டு, சாமி பார்த்து, லட்டு வாங்கி, பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு இருவரும் திருப்பதி பஸ்ஸில் ஏறினார்கள். வளைவு வளைவாக பஸ் இறங்கும்போது, இளவரசி வீடு போய்ச் சேர்ந்தாளா என்று பார்க்கலாமே என்று தோன்றியது. துணியைப் பிரித்துத் திறந்தார்.

வீரன் கோட்டைக் கதவுக்கு முன்னால் நின்றிருந்தான். கதவைத் திறந்தார். சிம்மாசனத்திலிருந்து அசுர ராஜா எழுந்தான்.

"ஐயோ! உயிரோட இருக்கான்!"

பஸ்ஸே திரும்பியது. கண்டக்டர் ஓடி வந்து, "எவரய்யா?" என்று தெலுங்கில் யாரென விசாரித்தார். "மா வரகனாசய்யா! பதிகுன்னாடு! உயிரோட இருக்கான்! காரியம் கூட முடிச்சிட்டமே!" என்று அலறினார் தணிகாசலம். செத்துக் காரியம் முடிந்தவர் பிழைத்தெழுந்தார் என்று கேட்டதும் பாதிப் பேர் மலையைப் பார்த்துக் கோவிந்தா போட்டார்கள். ஒரு அம்மாள் தணிகாசலத்தின் மொட்டைத் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

போனில் தமிழ்ச்செல்வன் நிதானமாக விளக்கினான். "கத முடிஞ்சாலும் கடைசியா சேவ் பண்ண எடத்துக்குத்தான் வந்து நிக்கும் மாமா. அவன் சாவல. நீங்க எப்பத் தொறந்தாலும் இருப்பான்."

அதே பஸ்ஸில் பக்கத்து ஊரான சத்தியவேட்டுக்காரர் ஒருவர் இருந்தார், உடனே போன் போட்டுச் சொல்லிவிட்டார். ஆகவே இவர்கள் வீட்டுக்கு வருவதற்குள் சாப்பிட்டவர்கள் எல்லாம் வாசலில் கூடியிருந்தார்கள். கூட்டத்துக்கு நடுவே கங்கையா.

"செத்தவனுக்குச் செய்யறதெல்லாம் செஞ்சாச்சு. இப்ப வந்து உயிரோட இருக்கான்னா எப்டி? கணக்குல அவன் செத்தவன். மறுபடியும் பொறந்தாத்தான் ஊருக்குள்ள சேத்திக்கலாம். தொட்டில்ல போட்டுப் பேரு வெச்சிடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. பிரமிளாவின் பழைய புடவையைத் தூளியாகக் கட்டி, பெட்டியைத் திறந்தபடியே உள்ளே கிடத்தினார்கள். பெண்கள் சூழ்ந்து நின்று தாலாட்டினார்கள். தூளிக்குள் ஆயிரம் வயது அசுரன் கொம்பும் கோரைப் பல்லுமாகக் கையை நீட்டி நின்றான். வெங்கடரமணன் என்று காதோரம் மூன்று தரம் சொல்லிப் பெயர் வைத்தார் தணிகாசலம். வாத்தியார் சர்க்கரை எடுத்துக்கொண்டார்.

"இப்பவாச்சும் இவன் இன்னா சொல்றான்னு படிச்சிச் சொல்லு தம்பி. நா எதையும் அமுக்க மாட்டேன்" என்றார் தணிகாசலம்.

போனை வைத்ததும் பைக்கில் கிளம்பி வந்திருந்த தமிழ்ச்செல்வன் தூளிக்குள் குனிந்து ஒவ்வொரு வரியாக வாசித்தான். "'ஊருக்கு வெளிய இருக்குற புல்வெளி எங்க பாட்டன் நெலம். உங்க ராஜா எடுத்துக்கினான். பசி தாங்காம எங்க புள்ளைங்க அங்க மேய வருதுங்க. தடியால அடிச்சது நீதானா?'"

தணிகாசலம் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். "அவன் நெலமா அது?" என்று கேட்டார்.

பேச்சு முடிந்ததும் ஆட்டம் சண்டையில் போய் நின்றது. ஆளுக்கொரு முறையாக மாறி மாறி நடக்கும், ஓடிப் போக முடியாத சண்டை என்றான் தமிழ்ச்செல்வன். அடிக்க வேண்டும், இல்லையென்றால் தடியைக் குறுக்கே பிடித்துத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

"தாங்கிக்கிறேன்" என்றார் தணிகாசலம்.

அன்றிலிருந்து அதுதான் அவர் வேலை. காலையில் குளித்துவிட்டு உட்காருவார். அசுரன் இடி விடுவான், நெருப்பு கக்குவான், அவர் தடியைக் குறுக்கே பிடிப்பார். வீரனுக்கு இருந்த பலத்தில் அடி பட்டும் படாமலும் விழும். "அடிச்சிக்கட்டும். கோவம் இருக்கும் இல்ல?" என்பார் பிரமிளாவிடம். சார்ஜ் தீர்ந்தால் ஒயரைச் சொருகி மறுபடி கதவைத் திறப்பார். பேச்சை ஒரு வரி விடாமல் கேட்பார். கேட்டுக் கேட்டு அதில் பாதி அவருக்கு ஜப்பான் பாஷையிலேயே மனப்பாடம்.

தை மாதம் தமிழ்ச்செல்வனின் பெரியப்பா நகரியிலிருந்து தாம்பூலத் தட்டோடு வந்தார், தேன்மொழியைப் பெண் கேட்டு. தணிகாசலம் பெட்டியைத் திறந்தபடியே மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து கைகூப்பினார். வந்த பெரியவர் உட்கார்ந்த இடத்திலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோ கைய ஓங்கிக்கினு நிக்கிறாரே, அடிச்சிடப் போறாரு."

"மாட்டாருங்க. என் மொற முடிஞ்சாத்தான் அவரு மொற. அது வரிக்கும் அப்டியே நிப்பாரு. நீங்க பலகாரம் எடுத்துக்கோங்க" என்றார் தணிகாசலம்.